வற்வரி மாமாவின் பங்கு

இந்தத் தீவிலேயே வரி கட்டியதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில்தான் இருக்கிறார். கொழும்பில் பெரும் பணக்காரர்கள் வரியிலிருந்து தப்பிக்க ஆள் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வற்வரி மாமாவோ ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கி வந்தால், லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி "இன்னைக்கும் கட்டிட்டேன்!" என்று அறிவித்துவிட்டுத்தான் முகம் கழுவுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் தோட்டத்து ஆபிசில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் வற்வரி மாமா; வற் என்றால் கடைச் சாமானில் பிடிக்கும் VAT வரி. தேயிலைச் செடிகளின் தலையைச் சீவும் கவ்வாத்து வேலை. அந்த வேலையில் கத்தி எவ்வளவு ஓயாமல் ஓடுமோ, அவர் வாயும் அவ்வளவு ஓடும்.

எல்லாம் அட்டன் டவுனில் நிஸாம் நானாவின் கடையில் ஆரம்பித்தது. பால்மா பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா கேட்டார்.

"என்னங்க நானா, வாரத்துக்கு ஒரு வெலையா?"

"நான் என்ன செய்ற? வற் வரியக் கூட்டியிருக்கே. நீங்க வாங்குற சாமான்ல எல்லாம் கவர்மெண்ட் பிடிக்குது."

வேறு யாராக இருந்தாலும் வயிறு எரிந்திருக்கும். மாமாவின் முகமோ மலர்ந்துவிட்டது.

"பிடிக்கிறாங்களா? எங்கிட்டயா?"

இந்த மகிழ்ச்சி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தோட்டத்தில் 'பிடிப்பது' என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா பிடிப்பார்கள். பிரச்சினை வந்தால் தலைவர் ஒருவர் வேட்டி சட்டையோடு வந்து தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுவார், பேசுவது மாதிரியாவது நிற்பார். கோயிலுக்குப் பிடிப்பார்கள், திருவிழாவில் பெயர் சொல்லி அர்ச்சனைத் தட்டு தருவார்கள். மரண சகாய நிதிக்குப் பிடிப்பார்கள். செத்தால் பெட்டி வரும், கொட்டகைக்குத் தகரம் வரும், வந்தவர்கள் உட்கார நாற்காலி வரும். பிடித்தால் ஏதாவது வரும். தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து மாமா கண்டது அதுதான்.

"அப்ப எனக்கு என்ன வரும் நானா?"

"அடுத்த மாசம் இன்னும் வெல வரும்" என்றார் நிஸாம் நானா.

நான் அப்போதுதான் உயர்தர வகுப்பில் பொருளியல் படித்து முடித்திருந்தேன். படித்ததை யார் தலையிலாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நேர் வரி, மறைமுக வரி, ஏழையின் வருமானத்தில் இது எப்படிப் பெரிய கடியாகக் கடிக்கிறது என்று கவ்வாத்து மலையிலேயே ஒரு வகுப்பு எடுத்தேன்.

"சுருக்கமா சொல்லு தம்பி."

"ஒரு பால்மா பாக்கெட் வாங்குனா தொரையும் ஒரே வரிதான் கட்டுறாரு, நீங்களும் ஒரே வரிதான் கட்டுறீங்க மாமா. எவ்வளவு அநியாயம்!"

மாமா கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"தொரையும் நானும் சமமா? அடேய், இத்தன வருசமா இத ஏன்டா யாரும் சொல்லல?"

அதன் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. மெயின் ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டபோது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். "நம்ம ரோடுல்ல, அழுக்காயிரக் கூடாது" என்றார். அந்த ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறும் பாதையில் மழைக்காலத்தில் மாடும் வழுக்கி விழும். அதைச் சொன்னால், "வரிசையா வருவாங்க, அவசரப்படாத" என்பார்.

அரசாங்க பஸ்ஸில் ஏறினால் மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கையில் போய் உட்காருவார். கண்டக்டர் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் திட்டினார்.

"எந்திரிங்க ஐயா, நீங்க சாமியாரா?"

"சாமியார் சோப்பு வாங்குறாரா? நான் வாங்குறேன். நான் வாங்குற சோப்புலதான்யா இந்த பஸ்ஸே ஓடுது!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த பஸ் ஹோல்டில் இறக்கிவிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தார், அந்த பஸ்ஸின் பங்குதாரர்.

பட்ஜெட் நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். போனைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். தமிழில் ஒருவர் மூச்சு வாங்க மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். "நம்ம காசுக்கு என்னென்ன வாங்குறாங்கன்னு பாப்போம்" என்று மாமா குந்தினார். ஒவ்வொரு அமைச்சுக்கும் தீர்ப்பு வேறு. "அதுக்கா? வேணாம். இதுக்கு? சரி, போனாப் போகுது." மணிக்கணக்காக ஓடிய அந்தப் பேச்சில் தோட்ட மக்களுக்கென்று ஒரு சின்னப் பகுதி வந்தது. அந்த நேரம் பார்த்து மாமா வெற்றிலை துப்ப எழுந்து போயிருந்தார். திரும்பி வருவதற்குள் பேச்சு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

"நம்மளப் பத்தி சொன்னாங்களா?"

"சொன்னாங்க மாமா."

"என்னா சொன்னாங்க?"

அவர் மனைவி சிவகாமி அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பதில் சொன்னார். "துப்பிட்டு வாங்கன்னு சொன்னாங்க."

அத்தைக்குச் சிரிக்க நேரமில்லை. மகள் நிரோஷா அட்டனில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. எழுதும் கொப்பி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, அரிசி அதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. அத்தை கிள்ளும் கொழுந்து மட்டும் பழைய மாதிரியே வெயில் வந்தால் வளர்ந்தது, வராவிட்டால் நின்றது. ஒரு நாள் அத்தை சொல்லிவிட்டார்.

"பஸ்ஸுக்குக் குடுத்தா கொப்பிக்கு இல்ல. கொப்பிக்குக் குடுத்தா ஒலைக்கு இல்ல. கொழும்புல துணிக்கடையில ஆள் கேக்குறாங்க. பிள்ளைய அனுப்பிருவோம்."

"யாரும் எங்கேயும் போக வேணாம்" என்றார் மாமா. "இத்தன காலம் பிடிச்சிருக்காங்கள்ல, அந்தப் பங்கக் கேட்டு வாங்கிட்டு வர்றேன். நிரோ படிக்கட்டும்."

மறுநாள் ஓர் உரச்சாக்கோடு கிளம்பினார். பேச்சுத் துணைக்கு நான். சாக்குக்குள் பால்மா உறைகள், சோப்புக் காகிதங்கள், பிஸ்கட் கவர்கள், சுரண்டிய போன் ரீலோட் அட்டைகள். எல்லாம் அவர் வீட்டில் வாங்கியவை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காகிதங்களையும் தந்தபோது, "மத்தவங்க பங்கு எனக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அரச அலுவலகம் ஒன்றின் மேசையில் அந்தச் சாக்கு கவிழ்ந்தது. அலுவலர் இளைஞர், சிங்களவர், தமிழ் ஓரளவு வரும்.

"அண்ணே, இது என்ன குப்பை?"

"குப்பை இல்லீங்க சேர். நான் கட்டுனது. மக படிப்புக்கு என் பங்கத் தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. நிவாரணத்துக்காவது வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

"வீட்டில டிவி இருக்கா?"

"இருக்குங்க சேர். அதுக்கும் கட்டியிருக்கேன்."

"டிவி இருந்தா வசதின்னு காட்டுது அண்ணே."

"படம் வராதுங்க, சத்தம் மட்டுந்தான்."

அலுவலர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் சம்பளத்திலயும் பிடிக்கிறாங்க அண்ணே. எனக்கும் ஒண்ணும் வர்றதில்ல."

மாமா திகைத்துப்போனார். அதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் பிடிக்கிறவர்கள் என்றே நினைத்திருந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்கங்க சேர். ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு மகள்."

"படிக்க வைங்க சேர்."

காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டோம். அலுவலரும் குனிந்து உதவினார். வெளியே வந்ததும் மாமா அந்தச் சாக்கைச் சந்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த வாரம் நிரோஷா கொழும்பு பஸ்ஸில் ஏறினாள். புத்தகங்களைத் தோழிக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். "போயிட்டு வர்றேம்பா" என்றாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அத்தைக்கு அன்றைக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வேண்டும், வரவில்லை.

நானும் மாமாவும் மேலே நடந்தோம். முதல் வளைவில் கேட்டார்.

"இப்ப எங்கடா போயிருக்கும்?"

"றொசல்ல தாண்டியிருக்கும் மாமா."

பாலத்தில் கேட்டார். வட்டவளை என்றேன். கோயிலடியில் கேட்டார். கினிகத்தேனை என்றேன். லயத்துக்கு வந்து சேர்ந்து நெடுநேரமாகிவிட்டது. பஸ் கித்துல்கலை மலையையும் அவிசாவளையையும் தாண்டி, மலையெல்லாம் முடிந்த தட்டையான ஊர்களுக்குள் போயிருக்கும். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

"இப்ப?"

"கித்துல்கலை மாமா. டீ குடிக்க நிப்பாட்டியிருப்பாங்க."

"அப்ப அவளும் ஒரு டீ குடிப்பாள்ல?"

"குடிப்பா மாமா."

பொழுது சாயும்வரை எத்தனை தடவை கேட்டாரோ, அந்த பஸ்ஸைக் கித்துல்கலையைத் தாண்ட நான் விடவேயில்லை.