தூதர்களை நிறுத்தும் வழி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதற்கப்புறம் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, நம் நகராட்சியின் ‘குடிமக்கள் மனநிறைவுத் திட்ட’த்தைக் கண்டுபிடித்தது.

அந்த மாபெரும் சாதனைக்கும், அதனால் ஊரே தூக்கம் இழந்ததற்கும் காரணகர்த்தா ஒருவனே. அலுவலகத்தில் அவன் பெயர் ‘கமா’. முன்பொரு முறை புரோகிராமில் ஒரே ஒரு கமாவை விட்டுவிட்டு, ஊரில் உள்ள எல்லாத் தெருவுக்கும் ஒரே பெயரைச் சூட்டியவன். தபால்காரர் இன்றுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

திட்டம் எளிமையானது. குடிமகன் ஒருவர் புகார் கொடுத்த அந்தக் கணமே, கம்ப்யூட்டருக்குள் அவருக்கென்று ஒரு ‘தூதன்’ பிறப்பான். மணிக்கொரு முறை அவரைப் போனில் அழைத்து, “உங்கள் புகார் எங்கள் மேலான பரிசீலனையில் உள்ளது” என்று தேன் ஒழுகச் சொல்வான். புகாருக்கு ஒரு தூதன். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். ஒருவன் செய்யட்டும் என்று இன்னொருவன் காத்திருக்க மாட்டான். இந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் அலுவலக ஊழியர்களிடமிருந்து வேறுபட்டார்கள்.

தூதன் எப்போது ஓய வேண்டும்? அதையும் கமா மறக்கவில்லை. ‘புகார் தீர்ந்ததும் நின்றுவிடு’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். ஒரு கமாகூட விடுபடாத வரி.

திறப்பு விழாவில் ஆணையர் நாடாவை வெட்டினார். பழக்க தோஷத்தில் மவுசின் வயரையும் சேர்த்து வெட்டினார்.

முதல் வாரம் மக்கள் நெகிழ்ந்து போனார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வலியப் பேசுகிறாரே! அடுத்த வாரம் குளிக்கும்போதும் பேசினார், சாப்பிடும்போதும் பேசினார், பிணம் தூக்கும்போதும் பேசினார். பொறுக்க முடியாமல், போன் தொல்லை என்று புகார் கொடுத்தார்கள். புகார் வந்தால் தூதன் பிறக்க வேண்டுமே? பிறந்தான். “போன் தொல்லை குறித்த உங்கள் புகார் எங்கள் மேலான பரிசீலனையில் உள்ளது” என்றான்.

கமாவின் அக்காவும் கூப்பிட்டாள்.

“டேய், பல்லு முளைக்கிற குழந்தைடா. இப்பதான் கண்ணை மூடினா. உன் ஆளு கூப்பிட்டு எழுப்பிவிட்டுட்டான்.”

“போனை அணைச்சு வையேன்க்கா.”

“உன் மாமா லாரியை எடுத்துக்கிட்டு வெளியூர் போயிருக்காரு. அவசரம்னா உன் மூஞ்சியையா கூப்பிடுவாரு? இன்னொரு ராத்திரி இவ தூங்கலேன்னா, இவளைத் தூக்கிட்டு வந்து உன் மேஜைமேல படுக்க வெச்சுடுவேன்.”

“சரி, என்ன புகார் குடுத்தே?”

“வாசல்ல பள்ளம்டா. நீகூட அன்னிக்குப் பால் பாக்கெட்டோட விழுந்தியே!”

“அதுவா? அதை நான் இப்பல்லாம் தாண்டிக் குதிச்சுடறேனே!” என்றான் கமா, பெருமையாக. அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். தலைமை வகித்தவர் ஆணையர். அவர் மனைவியும் தெருவிளக்கு எரியவில்லை என்று அவர் நம்பரைக் கொடுத்துப் புகார் செய்திருந்தபடியால், அவர் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

“சாயங்காலத்துக்குள்ள அவங்க நிக்கணும். இல்லேன்னா உன்னை வேலையை விட்டு நிறுத்திடுவேன்,” என்றார் கமாவிடம். “ஒரேயடியா எல்லாரையும் கொன்னுடேன்?”

“பாதி வேலையில கொன்னா, பிடிச்ச போன் லைனை விடாமலே செத்துடுவாங்க சார். அப்புறம் தீயணைப்புக்குக்கூட லைன் கிடைக்காது.”

“சரி, மரியாதையா கூப்பிட்டுச் சொல்லு.”

“யாருக்கும் பேரு வைக்கலை சார். எப்படிக் கூப்பிடறது?”

“பெத்தவன் நீ. பேரு வைக்க மாட்டியா?”

“பெத்த வேகம் அப்படி சார்.”

“அப்ப மெஷினையே அணைச்சுடு!”

“நம்ம சம்பளமும் அதே மெஷின்லதான் சார் ஓடுது.”

அந்த யோசனை ஒருமனதாகக் கைவிடப்பட்டது.

அப்போதுதான் மக்கள் தொடர்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, வரலாறு மறக்க முடியாத வாக்கியத்தைச் சொன்னார்: “எல்லாப் புகாரும் தீர்ந்துடுச்சுன்னு நாமளே போட்டுட்டா?”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கமா ஒரே ஒரு பொத்தானைத் தட்டினான். ஊரின் எல்லாப் பள்ளங்களும் நிரம்பின; எல்லா விளக்குகளும் எரிந்தன; எல்லாச் சாக்கடைகளும் மணத்தன. சாலைப் பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “என் சர்வீஸ்ல இத்தனை ரோடு போட்டதே இல்லைங்க,” என்றார்.

ஆனால் தூதர்கள் நேர்மையானவர்கள். ‘வெளிப்படைத் தன்மை’ வேண்டும் என்று ஆணையரே கேட்டு வாங்கிய வசதிப்படி, விடைபெறும் முன் ஒவ்வொருவரும் போன் செய்து, “உங்கள் புகார் தீர்ந்துவிட்டதா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும், இல்லை எனில் இரண்டை அழுத்தவும்” என்று கேட்டார்கள். ஊரே கட்டைவிரல் வலிக்க இரண்டை அழுத்தியது. போகக் கிளம்பிய தூதர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பொய் சொன்னதற்காக வந்த புதுப் புகார்களால் ஆளுக்கொரு தம்பியும் பிறந்தான்.

கமா திரையைப் பார்த்தபடி, தன் மேஜைமேல் குழந்தைக்கு எந்தப் பக்கம் இடம் ஒதுக்கலாம் என்று யோசிக்கலானான். திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

“சார்! ஒருத்தன் நின்னிருக்கான் சார்!”

கூட்டம் திரையைச் சூழ்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான தூதர்களில் ஒரே ஒருவன், சத்தமில்லாமல், லைனை ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“வைரஸா இருக்குமோ?” என்றார் பொறியாளர்.

“யாரோட புகார்?” என்றார் ஆணையர்.

கமா திரையை இன்னொரு முறை பார்த்தான். “எங்க அக்காவோடது சார்.”

“அவங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா?”

“இல்ல சார். தையல் கடை வெச்சிருக்காங்க.”

ஆணையர் எழுந்தார். “ஜீப்பை எடு! இந்த ரகசியம் வெளியில போறதுக்குள்ள நாம பிடிச்சாகணும்.”

‘உயர்மட்டத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு’ அந்த ஜீப்பிலேயே அமைக்கப்பட்டது. ஆணையர், பொறியாளர், மடியில் லேப்டாப்போடு கமா.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் கமா முன்னால் ஓடினான். வழக்கமான இடத்தில் எம்பிக் குதித்தான். நிரல் எழுதியவனே குதிக்கிறான் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று பொறியாளரும் குதித்தார். ஆணையர் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, பதவிக்குரிய கம்பீரத்தோடு குதித்தார்.

கதவருகே அக்கா நின்றிருந்தாள். தோளில் குழந்தை வாயைத் திறந்தபடி அசந்து தூங்கியது.

“அக்கா! எந்தக் கட்டளையைப் போட்டு நிறுத்தினே?”

“ஷ்! மெதுவா.”

ஆணையர் பேனாவைத் திறந்துகொண்டு கிசுகிசுத்தார்: “சொல்லுங்கம்மா. ஊரே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு.”

அக்கா மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“நேத்து இவன் மாமா வந்தாரு. லாரியில மிச்சம் கிடந்த ஜல்லியும் மண்ணும் கொட்டிப் பள்ளத்தை மூடிட்டாரு. இன்னிக்குப் போன் வந்துச்சு. தீர்ந்துதான்னு கேட்டுச்சு. ஒண்ணை அமுக்கினேன். நின்னுடுச்சு.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “உன் ஆளு நல்லவன்தான்டா. வேலை முடிஞ்சா போயிடறான். ஆனா இத்தனை பெரிய ஆபீஸ்ல, பள்ளத்தை மூடிப் பார்க்கலாம்னு ஒருத்தருக்குக்கூடவா தோணலை? அது போகட்டும், இப்ப மூணு பேரும் எதைத் தாண்டிக் குதிச்சீங்க?”