கஞ்சிக்கும் பறவைக்கும் நடந்த போர்

எழுந்து நில்லுங்கள், மட்டாஞ்சேரி மாந்தரே! சிரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கசங்கிய துணிகளை நடுங்கவைக்கும் கரத்தோன், தேங்காய்ச் சிரட்டைக் கனல் உண்ணும் இஸ்திரிப்பெட்டியைச் செங்கோலாய் ஏந்தியவன், ஓட்டல் விரிப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் அழியா மையால் தன் கைப்படக் குறியிட்டு, ஆயிரம் வெள்ளைக்கு நடுவிலும் எது எவருடையது என்று அறியும் ஆற்றலோன், இசக்கிதுரை என்னும் பெருந்தகையின் புகழ் தோப்பும்படிப் பாலம் தாண்டியும் ஒலிப்பதாக!

அவ்வீரன் இஸ்திரி போட்ட அதே சலவைக்கூடத்தில் அவனுக்கு நிகராக வெளுத்தும் உலர்த்தியும் ஆட்சி செய்த பேரரசி ஒருத்தி உண்டு. அவள் அவன் மனைவி கற்பகம். இவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் போன பெரும்போரையே இங்கு உரைக்கப் புகுந்தோம்.

போரின் காரணம் ஒரு நாவல். போரே வேண்டாம் என்று உலகுக்குச் சொல்வதற்காக அயல்நாட்டார் ஒருவர் அந்நாளில் எழுதியது. தன் படைக்கும் பகைவன் படைக்கும் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சி ஊற்றிய சமையல்காரன் ஒருவன், சமாதானம் வரும் நாளில் சுடப்பட்டுச் சாவதே அதன் கதை. அதை இரண்டு முறை படமாக எடுத்திருந்தார்கள். பழையது கறுப்பு வெள்ளை. வாசகசாலை முற்றத்தில் படம் போடும் யூசுப், இவர்களிடம் இரவல் வாங்கிய விரிப்பைத் திரையாய்க் கட்டிக் காட்டியது. புதியது வண்ணப்படம்; கணவனும் மனைவியும் கலூர்ப் பக்கம் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தது. நாவலை இருவருமே படித்ததில்லை என்பது போரின் வேகத்தைச் சற்றும் குறைக்கவில்லை.

பழைய படமே படம் என்றான் துரை. ஏனெனில், குழியும் இருளும் புகையுமாகவே நகர்ந்த அப்படம் கடைசிக் காட்சியில் திடீரென வெளுத்த வானத்தைக் காட்டியபோது, அவ்வானின் வலது மூலையில் ஒரு கரும்பறவை நின்றதை அவன் கண்ணாரக் கண்டான். குண்டு வெடித்தது, பறவை அசையவில்லை. சமையல்காரன் சரிந்தான், பறவை அசையவில்லை. மனிதனின் மடமையைச் சாட்சியாய் நின்று பார்க்கும் அந்தப் பறவையை வைத்த இயக்குநரின் மேதைமையை எண்ணி, கல்யாணத்தன்றும் கலங்காத துரையின் கண்கள் கலங்கின. பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று விளக்குப் போடுமுன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

கற்பகமோ பானையின் பக்கம் நின்றாள். போர் முற்றிப் பேச்சு நின்ற பிறகும் கருத்துரைக்க வேண்டியிருந்ததால், அவள் இஸ்திரிப்பெட்டியை நோக்கியே முழங்கினாள்: "இஸ்திரிப்பெட்டியே, கேட்டுக்க! பழைய படத்துல வெறும் பானையக் கிண்டுறான். ஆவி இல்ல, அடுப்புல தீ இல்ல. புதுசுல கஞ்சி தளதளன்னு கொதிக்குது. அந்தக் கஞ்சிய ஊத்துன கையி விழுந்தாத்தான நமக்கு நோவும்?"

"பெட்டியே, பறவைய மறந்துட்டுப் பேசுறவங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு!" என்று துரையும் அதே பெட்டியிடம் எதிர்முழக்கம் செய்தான். விந்தை என்னவென்றால், பானை, அடுப்பு, தீ என்று அத்தனை ஆயுதங்களையும் எறிந்த கற்பகம், பறவையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பதில் இல்லாததால்தான் என்று துரை மீசையை நீவிக்கொண்டான்.

ஆனால் மறைக்க என்ன இருக்கிறது, வீரனுக்கு வலித்தது. சாயா நேரத்தில் அன்றைய ஊர்க்கதையெல்லாம் அவனிடம் கொட்டுகிறவள் வாயை மூடிக்கொண்டதில், சாயா தொடுவாரின்றி ஆறிப்போனது. அவள் பேசினால் போதும் என்று இருந்தது அவனுக்கு. தான் முதலில் பேசுவதைத்தான் மானம் தடுத்தது.

இருவரின் முகத்தையும் கண்டு பொறாத யூசுப், சமாதானத் தூதனாய் எழுந்து அறிவித்தான்: "துரை சேட்டா, கற்பகம் சேச்சி! ஞாயிறு சாயங்காலம் ரெண்டு படத்தோட கடைசியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா திரையில இடாம். எல்லாரும் கண்டு தீர்ப்புச் சொல்லட்டு. தோத்த ஆளு முதல்ல வாயத் திறந்து மிண்டணும். பேச்சு அங்கேந்து தொடங்கட்டு!"

ஞாயிறும் வந்தது. சந்தைக்காரரும் கொத்தனாரும் ஓட்டல் பணியாளரும் இரு படையாய்ப் பிரிந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் அணிவகுத்தனர். அப்போது கற்பகம் கையில் புத்தம்புது விரிப்போடு வந்து, கட்டவிருந்த கயிற்றிடம் சொன்னாள்: "கயிறே, இன்னைக்கு இதக் கட்டச் சொல்லு. நல்ல வெள்ளை."

பகைவரின் சூழ்ச்சி இதுவென்று கொதித்தெழுந்த துரை, மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து தங்களிடமே தங்கிவிட்ட பழைய இரட்டைக்கட்டில் விரிப்பை உயர்த்திப் பிடித்து, கொச்சிக் காயலும் கேட்கும்படி முழங்கினான்: "நடக்காது! பறவை இறங்குன விரிப்பு இதுதான்! இதத்தான் கட்டணும்!"

கற்பகம் புது விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பழைய படம் ஓடியது. வானம் வெளுத்தது. பறவை நின்றது. துரையின் படை எழுப்பிய ஆரவாரத்தில் வாசகசாலை ஓட்டில் தூங்கிய பூனை குதித்தோடியது. அடுத்து புதிய படம். பனி மூடிய வெளி விரிந்தது. அதன் வலது மூலையில் ஒரு கரும்பறவை. தளபதியின் வெளுத்த முகம் திரையை நிறைத்தது. அவர் நெற்றியில் அதே கரும்பறவை. கஞ்சி பொங்கி வெள்ளாவி மேலெழுந்தது. ஆவியின் நடுவிலும் வேகாமல் நின்றது அப்பறவை.

"அய்யோ, பறவை இதிலயும் உண்டல்லோ!" என்று காய்கறிக்கடை அம்பிளி கூவினாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. திரையில் வானமும் இல்லை, பனியும் இல்லை, தளபதியும் இல்லை. பறவை மட்டும் இருந்தது. ஒரு கொக்கி, அதன் இருபுறமும் ஒவ்வொரு கோடு. அழியா மையில், இசக்கிதுரை தன் கைப்பட இட்ட குறி.

சிரிப்பு இரு படைகளிலும் பாகுபாடின்றிப் பரவியது. நாற்காலிகள் சாய்ந்தன, யூசுப் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். பகையும் நட்பும் ஒன்றாய்ச் சேர்ந்து நகைக்க, அவ்வேளை, தோல்வியுற்ற மாவீரன் தனித்து நின்ற அம்முற்றத்தில், வெளுப்பின் பேரரசியாம் கற்பகம் ஒருத்தி மட்டும் சிரியாது எழுந்து, நேரே சென்று விரிப்பின் கயிற்றை அவிழ்த்து, குறி உள்ளே மறையும்படி ஒரு முனையைப் பற்றி நின்றாள். இரட்டைக்கட்டில் விரிப்பை ஒருவராய் மடிக்க முடியாது. துரையின் கால்கள், தம் தலைவனைக் கேளாமலே, பழக்கத்தால் மறுமுனைக்கு நடந்தன.

"நீ முன்னயே கண்டியா?" என்றான். தோற்றவன் முதலில் பேசிவிட்டான்.

"பழைய படம் போட்ட அன்னைக்கே கண்டேன். நீங்க அழுதீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல," என்றாள் கற்பகம், பெட்டியிடமோ கயிற்றிடமோ அல்ல, அவனிடமே. "இழுத்துப் பிடிங்க."

அவன் இழுத்துப் பிடித்தான்.