நான் விழுங்கிய நாற்பது விநாடிகள்

மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வர யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், கல்யாணப் பெண்ணை மட்டும் அனுப்பக் கூடாது. என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகவே போனேன். போனவள் சும்மா பார்த்துவிட்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எம்.எஸ்சி. முடித்துவிட்டு (இயற்பியல், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவமானம் கூடும்) மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். அப்பா ரயில்வேயில் கார்டு. வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வைப்பது அவர் தொழில். வீட்டிலும் அதை விட மாட்டார். கடைக்குப் போன அம்மா கால் மணி நேரம் தாமதித்து வந்தால் "காரணம்?" என்பார். "கடையில கூட்டம்," என்றபடியே அம்மா உள்ளே போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பழனிசாமியின் ஜாதகம் வந்தது. ஊர் கௌதள்ளி, தமிழ்நாட்டு எல்லையோரம். உயரம் ஆறடி மூன்றங்குலம். வேலை என்ற இடத்தில் 'வங்கி (பாஸ்கெட்பால்)' என்று எழுதியிருந்தது.

"பேங்க்ல வேலைன்னா சரி," என்றார் அப்பா. "அதென்ன பிராக்கெட்டுக்குள்ள பந்து?"

தரகர் விளக்கினார். பையன் விளையாட்டு கோட்டாவில் சேர்ந்தவன். வங்கி அணிக்கு ஆடுவதுதான் உத்தியோகம். இப்போதைக்குத் தற்காலிகம். இந்த வாரம் மைசூரில் நடக்கும் போட்டியில் அணி ஃபைனலுக்குப் போய்விட்டால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஆர்டர் வரட்டும். அப்புறம் மேற்கொண்டு பேசலாம்." அப்பா ஜாதகத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். என் போட்டோ மட்டும் தரகரோடு போனது.

எனக்குக் கல்யாணத்தைவிட அந்த பிராக்கெட்தான் தூக்கத்தைக் கெடுத்தது. பந்தைக் கூடையில் போடுவதற்கு ஒருவருக்கு மாதச் சம்பளமா? ஆபீஸில் அவருக்கு மேஜை உண்டா? அதன்மேல் என்ன இருக்கும்? முப்பத்தைந்து வயதில் முழங்கால் போய்விட்டால் என்ன செய்வார்? இதையெல்லாம் தரகரிடம் கேட்டால் பெண்ணுக்கு வாய் நீளம் என்று போய்ச் சொல்லிவிடுவார்.

ஆகவே தோழி நாகரத்னாவை இழுத்துக்கொண்டு அந்த வங்கிக்கே போனேன். வாசலில் இருந்த பியூனிடம் அவள் கன்னடத்தில் விசாரித்தாள்.

"பழனிசாமியா? பர்த்தாரே, சைன் மாட்தாரே, ஹோக்தாரே," என்றார் அவர். வருகிறார், கையெழுத்துப் போடுகிறார், போகிறார். அவ்வளவுதான் அவருடைய அலுவலகப் பணி.

மேஜையையும் காட்டினார். ஃபைல் வைக்கும் தட்டு ஒன்று இருந்தது. அதில் ஃபைல் இல்லை. ஒரு ஜோடி காலுறை காய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் காலுறையைப் பார்த்த பிறகு ஆளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அன்று மாலையே அரையிறுதி ஆட்டம். சிமெண்ட் மைதானம், சுற்றிலும் நூறு பேர். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று எல்லைக் கோட்டுக்கு அருகிலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் நஞ்சுண்டப்பா என்ற பி.டி. மாஸ்டர், ஸ்கோர் எழுதும் நோட்டும் பித்தளை மணியுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். நேரம் பார்க்க வேண்டியவர் வரவில்லையாம். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனம்மா, ஸ்வல்ப டைம் நோட்தீரா?"

நேரம் பார்க்கத் தெரியாது என்றால் இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்பாரோ என்ற பயத்தில் தலையாட்டினேன். நாகரத்னா என் முதுகில் கிள்ளினாள். அதற்குள் ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது.

விஷயம் எளிதுதான். நடுவர் விசில் அடித்தால் வாட்ச்சை நிறுத்த வேண்டும். ஆட்டம் தொடங்கினால் ஓட விட வேண்டும். நேரம் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். முதல் பாதியில் ஒரு தப்பும் செய்யவில்லை. கார்டு மகளாயிற்றே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது யாரோ பழனிசாமியை இடித்துத் தள்ள, விசில் ஊதினார்கள். அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காமல் நின்ற இடத்திலிருந்து கூடையில் போடலாம். அவர் நின்ற இடம் எனக்கு நேர் எதிரே. கையைச் சட்டையில் துடைத்தார். பந்தை மூன்று முறை தரையில் தட்டினார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வளைந்திருந்தன. இந்த விரல்களால் எப்படிச் சோறு பிசைவார் என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். முதல் பந்து விழுந்தது. மறுபடி துடைத்தார், மறுபடி மூன்று தட்டு. இரண்டாவதும் விழுந்தது.

குனிந்து பார்த்தால் என் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி போயிருந்தது.

பக்கத்தில்தான் மாஸ்டர் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு ஒரு பொத்தானை அமுக்கத் தெரியவில்லை என்று நூறு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நாற்பது விநாடியில் என்ன குடிமுழுகிவிடும், அப்பாவின் வண்டி நாற்பது நிமிடம் தாமதித்தே ஊர் போய்ச் சேருகிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கடைசியில் வங்கி அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து பழனிசாமியிடம் வந்தது. எம்பினார். வாட்ச்சில் நேரம் முடிந்தது. கை தன் பாட்டில் மணியை அடித்துவிட்டது. அதன் பிறகுதான் பந்து அவர் கையை விட்டுப் போனது, அழகாகக் கூடைக்குள் விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். செல்லாது.

என் கல்யாணத்துக்கு நானே மணி அடித்து முடித்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

அவர் வியர்வை வழிய மேஜைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் தேவலை.

"மேடம், ஃப்ரீ த்ரோ போட்டப்ப வாட்ச் நின்னுச்சுங்களா?"

"நின்னுது," என்றேன்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த 'சரிங்க'தான் என்னைத் தின்றது. நாகரத்னா என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா "லேட். காரணம்?" என்றார். அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டே காலுறையிலிருந்து மணி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நான் அவரைத் திருட்டுத்தனமாகப் பார்க்கப் போனதற்கு அப்பா திட்டவே இல்லை. நேரத்தைத் தப்பாகச் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, "நடந்தது நடந்தபடி எழுது. எத்தனை செகண்டு, என்ன காரணம், எல்லாம் வரணும்," என்றார்.

"காரணம்னு என்னப்பா எழுதறது?"

"அவன் விரலைப் பாத்துட்டு இருந்தேன்னு எழுதாதே. 'கவனக்குறைவு'ன்னு எழுது, போதும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவும் நானும் தாளோடு மைதானத்தில் நின்றோம். மாஸ்டர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயித்த அணி அங்கேதான் ஃபைனலுக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய கோச் தாளை வாங்கிப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். "நாற்பது செகண்டுதானே, ஆடிட்டாப் போச்சு. ஒரு பாயிண்ட் எங்களுக்குத்தானே அதிகம்?" என்றார். வங்கி அணிக்கு ஆள் போனது.

உலகத்திலேயே மிகக் குட்டியான கூடைப்பந்து ஆட்டம் அன்று மைசூரில் நடந்திருக்கும். பத்து பேர் நின்றார்கள். வாட்ச் இந்த முறை என் கையில் இல்லை, அப்பாவிடம் இருந்தது. பச்சைக் கொடி காட்டுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பந்து நாலைந்து கை மாறிப் பழனிசாமியிடம் வந்தது. நேற்று எம்பிய அதே இடம். எம்பினார். கண்ணை மூடிக்கொண்டு, நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன்.

டங் என்று இரும்பில் பட்ட சத்தம் கேட்டது. பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. அப்பா சரியான நேரத்தில் மணி அடித்தார்.

அவ்வளவுதான், வேலையும் போயிற்று, வரனும் போயிற்று என்று நினைத்தேன். பழனிசாமி மறுபடி மேஜைக்கு வந்தார். "டைம் ரொம்பக் கரெக்டுங்க சார்," என்றார்.

அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? "பால் ஏன் விழலை? காரணம்?"

அவர் யோசித்தார். காற்று அடித்தது. தரை பனியில் ஈரமாக இருந்தது. பத்து நிமிடம் முன்னால்தான் தூக்கத்திலிருந்து எழுப்பி இழுத்து வந்திருந்தார்கள். இத்தனையும் சொல்லியிருக்கலாம்.

"தவறிப்போச்சுங்க சார்," என்றார். "அவ்வளவுதானுங்க."

வீடு வந்ததும் அப்பா செருப்பை வாசலில் உதறினார். உள்ளே போய்ப் பஞ்சாங்கத்திலிருந்து ஜாதகத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பு. பேசலாம்."

"ஆர்டர் வரட்டும்னீங்களே?"

"முப்பது வருஷமா லேட்டுக்குக் காரணம் எழுதறேன். காரணமே சொல்லாத ஆளை இன்னைக்குத்தான் பாத்தேன்."

ஆர்டர் இரண்டு வருடம் கழித்து வந்தது, நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட பிறகு. இவர் இன்னும் எட்டு வருடம் ஆடினார். நான் பயந்தபடியே முழங்கால் போயிற்று. மேஜைக்குத் திரும்பினார், தட்டில் ஃபைல்கள் ஏறின. அன்று போட்டோவை வைத்து முதல் பாதியிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாராம். பொய் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் 'சரிங்க' சொன்னாராம். அப்பாவிடம் ஒரு காரணமும் சொல்லாத மனிதர், அந்தப் பந்து ஏன் தவறியது என்று எனக்கு மட்டும் வருடத்துக்கு ஒன்றாகப் புதுக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பாதி என் புடவை நிறத்தைப் பற்றியது.

இப்போதும் நான் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு எங்காவது பராக்குப் பார்த்தால், சமையலறை வாசலில் தலையைக் குனிந்து (நிலை இடிக்கும்) வந்து நிற்பார். பிள்ளைகள் சிரிக்கத் தயாராக இருப்பார்கள்.

"மேடம், வாட்ச் நின்னுச்சுங்களா?"

"நிக்கலை," என்று உடனே சொல்லிவிடுவேன். இரண்டாவது முறை அவரைச் 'சரிங்க' சொல்ல வைக்க எனக்குத் தைரியம் இல்லை.