டாக்டர் பிக்கிள்ஸின் இரண்டாவது கடிதம்

இனி என் தட்டில் பாகற்காய் விழக்கூடாது என்று 1999 ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சபதம் எடுத்தேன். தட்டைப் பார்த்தேன். விழுந்துகொண்டிருந்தது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று ஆழ்வார்பேட்டை டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலும் சொன்னார், என் மனைவி ஜெயலக்ஷ்மி பாகற்காயைக் குடும்பத்தில் ஒருத்தராகவே சேர்த்துவிட்டாள். காலையில் கறி. மத்தியானம் பிட்லை. ராத்திரி வதக்கல். கெஞ்சிப் பார்த்தேன். கோபித்துப் பார்த்தேன். ஒரு நாள் பட்டினிகூடக் கிடந்தேன். மறுநாள் பசியில் அதையே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதைவிட அவமானம் வேறில்லை.

ஏமாற்றலாம் என்றால் ஜெயா லேசுப்பட்டவள் இல்லை. இ-மெயில் வந்தாலும் வந்தது, ஊரெல்லாம் புரளி. ராஜா அண்ணாமலைபுரம் மாதர் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் அவள் வகுப்பு எடுக்கிறாள். கண்டதை நம்பாதே என்பதுதான் பாடம். எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டுமாம். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்?

அப்பேர்ப்பட்ட டீச்சரையே ஏமாற்றினால்தானே பெருமை! லஸ் முனை பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். இங்கிலீஷில் வெளுத்து வாங்கினேன். பாகற்காய் தின்றால் ஞாபகம் போகும், முடி கொட்டும், மூன்றாம் மாதம் காது அடைக்கும். இப்படிக்கு, அமெரிக்க ஆராய்ச்சியாளர் டாக்டர் ஹென்றி பிக்கிள்ஸ். ஊறுகாய் ஞாபகத்தில் வந்த பெயர். அச்சடித்து வாங்கினால் தேதியைக் காணோம். பேனாவை எடுத்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, மேலே போட்டுவிட்டேன்.

“ஜெயா, ஆபீஸ்ல எல்லாருக்கும் இந்த மெயில் வந்திருக்கு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மேலேயிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

“யாருன்னா இந்த பிக்கிள்ஸ்?”

“ரொம்பப் பெரிய டாக்டர்டீ!”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“நாலாயிரம் எலிக்குப் பாகற்காய் போட்டுப் பார்த்திருக்கார்.”

“எலி சாப்பிட்டுதா?”

“சாப்பிடாம? அதுக்கும் ஆம்படையாள் இருந்திருப்பா.”

“சொல்றதால அவருக்கு என்ன லாபம்?”

“ஒண்ணுமில்லே. தியாகி.”

ஜெயா பெருமூச்சு விட்டாள். “படிச்சவா சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளைலேர்ந்து நம்மாத்துல பாகற்காய் கிடையாது.”

நான் குதிக்காத குறை. மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் மறுநாள் என் தட்டில் மொறுமொறுவென்று கிடந்தது. உருளைக்கிழங்கு ரோஸ்ட்! சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ராமானுஜத்திடம் சொன்னேன். அவர் நாலு மாட வீதியிலும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் காய்கறிக் கூடையோடு கோவிந்தம்மா வந்தாள். கூடை நிறையப் பாகற்காய்.

“இன்னா சார் அநியாயமா கீது! பாவக்கா துன்னா மயிர் கொட்டும்னு எவனோ பேமானி கெளப்பி வுட்டுக்கீறான். மூணு நாளா ஒரு காய் போணியாவல. யார் சார் அவன்?”

எனக்குச் சுருக்கென்றது. பாவம், அவள் பிழைப்பில் மண் விழும் என்று நான் நினைக்கவே இல்லை.

“யாரோ அமெரிக்காக்காரனாம்.”

“கைல மாட்னா கசக்கிடுவேன்!” ஒரு பாகற்காயைக் கசக்கியும் காட்டினாள்.

அப்போது ஜெயா உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு தாள்.

“கவலைப்படாதே கோவிந்தம்மா. அதே டாக்டர் ரெண்டாவது லெட்டர் போட்டிருக்கார். நேத்திக்கு மாதர் சங்கத்துக் கம்ப்யூட்டர்ல வந்தது. நீங்களும் கேளுங்கோன்னா. ‘பாகற்காயால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைத் திடீரென்று நிறுத்துகிற ஆண்களுக்குத்தான் ஆபத்து. அவர்கள் ஒரு மாதம் மூன்று வேளையும் பாகற்காய் சாப்பிட வேண்டும். விடிந்ததும் சாறு. உருளைக்கிழங்கைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது.’”

“பொய்!” என்று கத்தினேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வாயைத் திறந்தேன். அப்படி ஒரு டாக்டரே கிடையாது என்று சொல்ல வேண்டும். சொன்னால், முதல் கடிதம் எழுதியது யார்? வாசலில் கோவிந்தம்மா இன்னும் அந்தக் காயைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“கூடையை அப்படியே எறக்கு, கோவிந்தம்மா. மொத்தமும் எங்காத்துக்குத்தான்.”

“அந்த டாக்டரு நல்லாருக்கணும் நைனா!” என்று என்னை வாழ்த்திவிட்டு அவள் போனாள்.

கதவைச் சாத்தியதும் ஈனஸ்வரத்தில் கேட்டேன். “ஏன் ஜெயா, இது அதே டாக்டர் எழுதினதுதான்னு என்ன அத்தாட்சி?”

ஜெயா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “ரெண்டுலயும் மேல பாருங்கோ. பிள்ளையார் சுழி போட்டுட்டு லெட்டர் எழுதற டாக்டர் அமெரிக்காவுல அவர் ஒருத்தர்தானே இருக்கார்!”