குக்கர்காரர் கேட்ட மன்னிப்பு

குன்னூரில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, வீட்டில் குக்கர் இல்லாதவர்கள்.

பஜாரில் குக்கரும் அடுப்பும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் குக்கர்காரர். தொழிலால் வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அவர் வாயைத் திறந்ததும், குணத்தால் வந்ததோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

நான் ஈரோட்டிலிருந்து மாற்றலாகி, குன்னூரில் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாகப் போன புதிதில், ஒரே வீட்டைப் பலகைச் சுவரால் இரண்டாகப் பிரித்திருந்ததில் ஒரு பாதி எனக்குக் கிடைத்தது. மறுபாதியில் அவர், அவர் மனைவி மெர்சி அக்கா, கல்லூரியில் படிக்கும் மகன் ஜோயல். குடி வந்த மறுநாள் காலை பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் பேசியது.

"ஏனுங்க டீச்சர்! பருப்புக்கு ஆறு விசிலா? அது பருப்புங்களா, பாறாங்கல்லுங்களா?"

"என் குக்கர், என் பருப்பு, உங்களுக்கென்ன?" என்று நானும் கத்தினேன். வாத்தியார் தொண்டை எனக்கும் இல்லையா? பத்து நிமிடம் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, முகம் பார்க்காமலேயே சண்டை போட்டோம்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. மழைக்கோட்டும் மஃப்ளருமாக ஒரு மனிதர். கையில் ஒரு பொட்டலம் வர்க்கி, அந்த ஊரின் மொறுமொறு பிஸ்கட்.

"காலைல பேசினது தப்புங்க. மன்னிச்சுக்கங்க. ஆனா ஆறு விசில் அதிகந்தானுங்க."

எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது யாரும் வாயால் சொல்லும் பொருள் அல்ல. எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. வர்க்கியை வாங்கிக்கொண்டு, "உள்ளே வாங்க" என்றேன். "இல்லீங்க, இன்னும் நாலு ஊடு பாக்கி இருக்குது" என்று கிளம்பிவிட்டார்.

அந்த நாலு வீட்டு விஷயம் பிறகுதான் புரிந்தது. பொழுது சாய்வதற்குள் கோபத்தை இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய கிறிஸ்தவ வேதத்தில் உள்ள ஒரு கட்டளை. மற்றவர்கள் அதை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். குக்கர்காரர் அதைக் கடைசி பஸ்ஸின் நேரம் மாதிரி எடுத்துக்கொண்டார். பகலெல்லாம் வாடிக்கையாளர்களைத் திட்டுவார். "கேஸ்கெட்டைக் கழுவறதே இல்ல, அப்புறம் ஆவி போகுதுன்னா போகாம என்ன பண்ணும்?" "தண்ணி ஊத்தாம அடுப்புல வெச்சீங்களே, குக்கர் என்ன பாவம் செஞ்சுது?" மாலையானால் கடையைப் பூட்டிவிட்டு, திட்டு வாங்கியவர்கள் வீடு வீடாக வர்க்கியோடு கிளம்பிவிடுவார். எதிரே இருந்த டீக்கடைக்காரர், பிள்ளைகள் வர்க்கி கேட்கும் நாட்களில் வேண்டுமென்றே அவரிடம் வம்புக்குப் போவார் என்று ஒரு பேச்சு உண்டு. டீக்கடைக்காரர் அதை மறுக்கவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், நீலகிரி மழைக்காலத்தில் சூரியன் என்பது ஒரு வதந்தி. "சூரியனே வரலையேண்ணே, அப்புறம் எங்க மறையறது?" என்று கேலி செய்வார்கள். "அது வேலைக்கு வந்திருக்கும்டா. மூட்டத்துல நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்பார். கடைசியில் ஜோயல் அவருடைய போனில், பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் மணியடிக்கும்படி ஏதோ செய்துகொடுத்தான். அதிலிருந்து, பாதித் திட்டில் மணியடித்தால் மீதித் திட்டை அப்படியே விழுங்கிவிட்டு, "சரி விடுங்க, மன்னிச்சுக்கங்க" என்பார். திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் புரியாது.

வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். மூன்று பேரும் முறை வைத்து ஜெபிப்பார்கள். நான் பலகைக்கு இந்தப் பக்கம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். நான் டிவி வாங்காமலேயே காலம் தள்ளியதற்கு அந்த ஜெபம்தான் காரணம்.

மெர்சி அக்கா தொடங்குவார்: "ஆண்டவரே, விடியக்காலைல எந்திரிச்சு வெச்ச குழம்புல உப்பில்லைன்னு சொன்ன உதடுகளை மன்னியும்."

குக்கர்காரர் முறை வரும்: "கர்த்தாவே, உண்மையைச் சொன்ன உதடுகளை ஆசீர்வதியும். இவ கூடப்பொறந்த என் மச்சானை ஒண்ணும் சொல்லாம இருக்கற பொறுமையையும் தாரும்."

கடைசியில் ஜோயல்: "பிதாவே, இவங்க ரெண்டு பேருக்கும் சமாதானத்தைத் தாரும். எனக்குச் சோத்தைத் தாரும். ஆமென்."

ஆமென் சொன்னதும் மூவரும் சிரிக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு தட்டுகளின் சத்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

முந்தைய நாள் மெர்சி அக்கா என்னிடம் வந்தார். அவர் வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவர். "டீச்சர், உங்க பச்சைச் சுடிதார் ஒரு நாளைக்குக் கிடைக்குமுங்களா? அளவு பார்க்கோணும்" என்றார். கொடுத்தேன். சனிக்கிழமை காலை, சர்ச்சில் பெண்களுக்கு உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

மதியத்துக்கு மேல் நான் காய்கறி வாங்க பஜாருக்குப் போயிருந்தேன். குக்கர்காரர் கடையில், சர்ச் பாடகர் குழுவில் பாடும் ஒருவர் கேஸ்கெட் வாங்க வந்து நின்றிருந்தார். வாங்கிவிட்டுப் போயிருக்கலாம்.

"உங்க ஜோயலைப் பைக்காரா ஏரிக்குப் போற ரோட்டுல பார்த்தேன்" என்றார். "பின்னாடி ஒரு பொண்ணு. தலையில ஹெல்மெட், பச்சைச் சுடிதார். அவன் தோளைக் கெட்டியாப் புடிச்சுட்டு ஒரே சிரிப்பு. நமக்கெதுக்கு வம்பு, உங்க காதுல போட்டுட்டேன்."

குக்கர்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குக்கரில் விசில் வராவிட்டால்தானே ஆபத்து? போட்டது அவர் காதில். என் காதிலும் பச்சைச் சுடிதார் விழுந்தது. ஊரில் எத்தனையோ பச்சைச் சுடிதார்கள் என்று காய்கறியைப் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜோயலே பைக்கில் வந்து கடை முன்னால் இறங்கினான்.

"பைக்காராவுக்குப் போனியா?"

"போனேனுங்கப்பா."

"கூட யாரு?"

ஜோயல் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "அது... சொல்ல முடியாதுங்கப்பா."

அறை விழுந்தது. எதிர்க்கடை பாய் தராசைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு குக்கர்காரர் பேசியதை நான் எழுதப்போவதில்லை. கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளை, நடு பஜாரில், நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாதவை. ஜோயல் தலை நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை. பைக் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான்.

பஜார் வேலைகளை முடித்துச் சாயங்காலம் நான் வீடு வந்து சேர்ந்தபோது குக்கர்காரரும் பின்னாலேயே வந்தார். மெர்சி அக்கா அப்போதுதான் திரும்பியிருந்தார். பலகைச் சுவர் அதிர குக்கர்காரர் நடந்ததைச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏனுங்க, ஜெபம் பண்ணலாமுங்க" என்றார்.

"இப்பவா?"

"இப்பவே."

நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆண்டவரே," என்று மெர்சி அக்கா ஆரம்பித்தார்.  "உபவாசம்னு சொல்லிட்டு, பைக்காராவுல மிளகா பஜ்ஜி சாப்பிட்ட இந்தப் பாவியை மன்னியும். அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருந்தது நான்தானுங்க. கல்யாணம் பண்ணி இந்த மலைக்கு வந்ததுல இருந்து, ஒருக்கா அந்த ஏரியில போட்டுல போகோணும்னு கேட்டுட்டு இருந்தேன். இவருக்குக் கடை இருந்துது, கோபம் இருந்துது, நேரம் இல்ல. எம்புள்ளை கூட்டிட்டுப் போனான். அப்பாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினது நான். அடி வாங்கினது அவன்."

ஆமென் வரவில்லை.  பலகைக்கு இந்தப் பக்கம், இந்து வீட்டில் பிறந்த நான்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு குக்கர்காரரின் குரல் கேட்டது. அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"போட்டு நல்லா இருந்துச்சா புள்ள?"

"பயமா இருந்துச்சுங்க. ஆனா நல்லா இருந்துச்சு" என்று அக்கா அழுதார்.

அப்போது போனில் மணியடித்தது.

கதவு திறக்கும் சத்தம். நானும் வெளியே வந்துவிட்டேன். இனிமேல் ஒட்டுக் கேட்காத மாதிரி நடிப்பதில் அர்த்தமில்லை. குக்கர்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அவன் ஊட்டுக்கு வரட்டுமுங்க, இங்கயே சொல்லிக்கலாம்" என்று அக்கா அவர் கையைப் பிடித்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடிச்சது பஜாருல. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா?"

மூடுபனியில் படிகளில் இறங்கினோம். முன்னால் அவர், பின்னால் நாங்கள் இருவர். அக்கா போனில் கேட்டதில் ஜோயல் ரயில் நிலைய பெஞ்சில் இருப்பது தெரிந்தது. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

"எந்திரி. பஜாருக்கு வா."

"இன்னும் பாக்கி இருக்குதுங்களா?" என்றான்.

"இல்ல கண்ணு. வா."

கடை முன்னால் வந்ததும், குக்கர்காரர் தன் பழைய தொண்டையைத் திறந்தார். "மத்தியானம் நான் இவனை அடிச்சதைப் பார்த்தவங்க எல்லாரும் வாங்க!"

எதிர்க்கடை பாய் வந்தார். டீக்கடைக்காரர் வந்தார். காய்கறிக்காரம்மா முறத்தோடு வந்தார். "நாங்க பார்க்கலீங்களே, வரலாமுங்களா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "கேள்விப்பட்டிருப்பீங்க இல்ல, வாங்க" என்றார். பத்து நிமிடத்தில் ஒரு சின்னப் பொதுக்கூட்டமே கூடிவிட்டது. மெர்சி அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உபவாசத்தைச் சொல்லிருவாருங்களா டீச்சர்?" என்று முணுமுணுத்தார்.

அவர் உபவாசத்தைச் சொல்லவில்லை.

"எம்பையன் ஒரு தப்பும் பண்ணல. அவங்கம்மாவைப் போட்டுல கூட்டிட்டுப் போனான். புருஷன் நான் செஞ்சிருக்கோணும். செய்யல. அவன் செஞ்சான். அதுக்கு நான் இவனை விசாரிக்காம அடிச்சேன், வாய்க்கு வந்ததைப் பேசினேன். தப்பு என்மேல." திரும்பி, மகனுக்கு நேராக நின்று கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கடா."

"அப்பா, எல்லாரும் பார்க்கறாங்கப்பா. விடுங்க."

"பார்க்கோணும். பார்க்கத்தான் கூப்பிட்டேன்."

ஜோயல் உடனே உருகிவிடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "வலிச்சுதுங்கப்பா. கன்னம் இல்ல. யாரோ சொன்னதும் நம்புனீங்களே, அது."

ஊரையே வாயடைக்கச் செய்த மனிதர் கூப்பிய கையை இறக்கவே இல்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். காய்கறிக்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஜோயல்தான் முன்னால் வந்து அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டான். பிறகு கடைக்குள் போய்ப் பைக் சாவியை எடுத்து வந்தான். "ஏறுங்க, ஊட்டுக்குப் போலாம்."

டீக்கடைக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, பொழுது சாஞ்சு ரொம்ப நேரமாச்சு!"

"சூரியன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்டா" என்றபடி பின்னால் ஏறி உட்கார்ந்து, மகனின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று குன்னூர் பஜாரில் எத்தனை அப்பாக்கள் வீட்டுக்குப் போய், பிள்ளைகளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் திணறினார்களோ! பாய் மட்டும் மறுநாள் என்னிடம் சொன்னார்: "என் பையன்கிட்ட ஒரு பழைய பாக்கி இருந்துச்சு டீச்சர். நேத்து பேசிட்டேன்." சர்ச்சுக்குப் போகாத நானும் பாயும் ஏதோ எங்கள் வீட்டுப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியது போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் குக்கர்காரர் அந்தப் பாடகரிடம் வர்க்கியோடு போனாராம். "உங்க மேலயும் கோபம் வந்துச்சுங்க, மன்னிச்சுக்கங்க. ஆனா இனிமே பாட்டை மட்டும் பாடுங்க." மெர்சி அக்கா சர்ச் பெண்கள் சங்கத்தில் தன் பொய்யை ஒப்புக்கொண்டார். அவர்கள் கண்டிக்கவில்லை. அடுத்த மாதம் வேன் பிடித்து எல்லோருமே பைக்காரா போனார்கள். குக்கர்காரரும் போனார். போட்டில் பாதுகாப்பு உடையின் வார் பிய்ந்திருக்கிறதென்று படகோட்டியோடு சண்டை போட்டு, கரையில் இறங்கியதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அந்த வாரைத் தைத்தும் கொடுத்தாராம்.

எனக்குக் கோவைக்கு மாற்றல் வந்த நாளில் சாமான்களை வேனில் ஏற்றியது அவரும் ஜோயலும்தான். கயிறு கட்டிய விதம் சரியில்லை என்று டிரைவரைத் திட்டி, தானே அவிழ்த்துக் கட்டினார். எல்லாம் முடிந்ததும் நடுரோட்டில் என் தலைமேல் கையை வைத்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஆண்டவரே, இது எங்க ஊட்டுப் புள்ளை. பத்திரமாப் பார்த்துக்கங்க."

கோவையில் ஏதாவது நல்லது நடக்கும்போதெல்லாம், அந்தச் சிபாரிசு இன்னும் செல்லுபடியாகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.