ஒழுகாப் பள்ளி

குளிர்காலம் வந்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அரசாங்கமும் தெரிந்துகொண்டால் அதற்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டியிருக்கிறது. அந்த வருஷம் கல்வித் துறை வைத்த பெயர், 'குளிர்கால மாணவர் நலன் பேணும் மாபெரும் இயக்கம்'. பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிடும் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள்.

இயக்கத்தின் மேல் பெரிய டீச்சருக்கு எந்த விரோதமும் கிடையாது. பெரிய டீச்சர் என்றால் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஆள் குள்ளம்தான், பதவிதான் பெரிசு. அவருடைய கவலை வேறு. மூன்றாம் வகுப்பின் தகரக் கூரையில் ஓட்டை விழுந்திருந்தது. தூறல் போட்டாலே போதும், மேஜைக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, கணக்குப் பாடம் முடிவதற்குள் பெஞ்சுகளுக்கு அடியில் குளம் கட்டிவிடும். பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு, கிளையில் ஒண்டிய பறவைகள் மாதிரி பெஞ்சின் மேல் குந்தியபடி வாய்ப்பாடு சொல்வார்கள்.

அவர்களில் ஒருத்திக்குக் குருவி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஈரக்காற்று பட்டாலே அவளுக்கு இளைப்பு வந்துவிடும், நெஞ்சுக்குள்ளிருந்து விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதனால் வகுப்பே கூடி வைத்த பெயர் அது. அவளுடைய அம்மா பள்ளிக்கு எதிரிலேயே தையல் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் மெஷினை ஓட்டின வாக்கில் விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு பெரிய டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நேத்து ராத்திரி பூரா இவ படுக்கவே இல்ல. மூச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்தே இருந்தா. சட்டை கிழிஞ்சா நான் தைச்சுடுவேன். உங்க கூரையைத் தைக்க எனக்குத் தெரியாது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. நான் ஆபீசுக்குப் பேசறேன்."

"பேசுங்க. ஆனா இனி ஒரு தடவை இவ இப்படி இழுத்துக்கிட்டு வந்தா, அப்புறம் நான் அனுப்ப மாட்டேன். என் கடையில பட்டன் தைச்சுக்கிட்டு இருக்கட்டும். அங்கயாவது தலைக்கு மேல காய்ஞ்ச கூரை இருக்கு."

பெரிய டீச்சர் உடனே போனை எடுத்தார்.

"வணக்கம் சார். எங்க பள்ளியில, மூணாம் வகுப்புல ஒழுகுது சார்."

"ஒழுக்கமா? இருங்க, ஒழுக்கப் பிரிவுக்குத் தர்றேன்."

ஒழுக்கப் பிரிவுக்காரர் கனைத்துக்கொண்டு வந்தார். "சொல்லுங்கம்மா. பிள்ளைங்க எப்படி ஒழுகுறாங்க? நல்லபடியாத்தானே?"

"பிள்ளைங்க ஒழுகல சார். மேலேருந்து ஒழுகுது."

"மேலிடமே ஒழுங்கா இல்லைன்னு சொல்றீங்களா? அம்மா, போன்ல இப்படியெல்லாம் பேசாதீங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

அவர் பயந்துபோய் அடுத்த அறைக்கு இணைப்பைத் தள்ளிவிட்டார். அடுத்த அறையில்தான் மாபெரும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது.

"ஒழுகுதா!" என்றார் நலப் பிரிவுக்காரர். "ரொம்ப சந்தோஷம்மா. காலையிலேருந்து போன் பண்ற ஒரு பள்ளியும் உண்மையை ஒத்துக்க மாட்டேங்குது. எத்தனை பேருக்கு?"

"எத்தனை பேருக்கா? வகுப்பு முழுக்கத்தான் சார்."

"அடடா. தண்ணியாவா, கெட்டியாவா?"

பெரிய டீச்சர் யோசித்தார். கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது.

"தண்ணிதான் சார். ஆனா கொஞ்சம் பழுப்பா வருது."

"பழுப்பாவா! எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "மூணு வருஷமா நிக்கவே இல்லையா? நீங்க என்ன வைத்தியம் பார்த்தீங்க?"

"கீழ பக்கெட் வெச்சோம் சார்."

"பக்கெட்டா!" அந்த மனிதருக்குக் குரல் உடைந்துவிட்டது. "அம்மா, இனிமே நீங்க கவலையே படாதீங்க. துறை உங்களைக் கைவிடாது."

போனை வைத்தபோது பெரிய டீச்சருக்கும் கண் கலங்கியது. அந்த ஆபீசில் நெஞ்சில் ஈரமுள்ள ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வாரம் திரும்புவதற்குள் ஜீப் வந்தது. தகரமும் ஆணியும் வருமென்று ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருந்த பள்ளிக் காவலாளி, இறக்கிய மூட்டையைப் பிரித்தார். உள்ளே கைக்குட்டை. வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றின் மூலையிலும் கல்வித் துறை இயக்குநரின் சிரித்த முகம் அச்சடித்த கைக்குட்டை.

"இதுல மூக்கைச் சிந்தினா ஐயா முகத்துல இல்ல படும்?" என்றார் காவலாளி.

"முகத்துக்கு எதிர் மூலையிலதான் சிந்தணும்னு உத்தரவு இருக்கு," என்றார் ஜீப்போடு வந்தவர்.

பெரிய டீச்சர் மறுபடியும் போனை எடுத்தார். "சார், ஒழுகுறது மூக்கு இல்ல சார். கூரை."

நலப் பிரிவுக்காரர் சலித்துக்கொண்டார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"எது ஒழுகுதுன்னு நீங்க கேட்கவே இல்லையே சார்."

"கூரைன்னா கட்டடப் பிரிவு. ஆனா உங்க பள்ளி பேர்ல ஏற்கனவே ஒரு ஒழுகல் நிலுவையில இருக்கு. ஒரு பள்ளிக்கு ஒரு நேரத்துல ஒரு ஒழுகல்தான் அனுமதி. முதல்ல மூக்கு நின்னுடுச்சுன்னு எழுதிக் குடுங்க, அப்புறம் கூரைக்குப் போவோம்."

"கூரை ஒழுகுற வரைக்கும் மூக்கு எப்படி சார் நிக்கும்?"

"அது மருத்துவம்மா. நான் நிர்வாகம்."

பெரிய டீச்சர் போனை வைப்பதற்குள்ளேயே இயக்கம் அனுப்பிய மூச்சுப் பயிற்சியாளர் வந்து இறங்கினார். அந்தக் குளிருக்கு மூச்சுதான் நாகரிகம். போன குளிருக்குக் கஷாயம், அதற்கு முந்தின குளிருக்குச் சிரிப்பு. பயிற்சியாளர் கன்னத்தோரம் ஒட்டிய மைக்கோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, கண்ணை மூடி, கையை விரித்தார். வெளியே மழை. உள்ளே பக்கெட்டில் டொக்… டொக்…

"ஆகா! இந்தச் சத்தத்தைக் கேளுங்க குழந்தைகளா. இதைக் கேட்டுத் தூங்கறதுக்காகப் பெரிய மனுஷங்க மெஷின் வாங்கி வெச்சிருக்காங்க. உங்களுக்குச் சும்மா கிடைக்குது! இந்த ஈரக் காத்தை நல்லா உள்ள இழுங்க…"

பிள்ளைகள் இழுத்தார்கள். குருவியும் இழுத்தாள். இழுத்தது உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. நெஞ்சு விசிலடித்தது.

"பாருங்க!" என்று கைதட்டினார் பயிற்சியாளர். "இந்தக் குழந்தைக்குள்ளேருந்து இசை வருது!"

பெரிய டீச்சர் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர்கள் அறையில் டீ போடும் அடுப்புப் பக்கம் போனார். அதற்குள் பயிற்சியாளர் அந்த இசையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். பார்த்தவர்கள் உருகினார்கள். கடைத்தெருவுக்கு அந்தப் பக்கமிருந்த பணக்காரப் பள்ளி, நல்லாயிருந்த கூரையில் ஆள் வைத்து ஓட்டை போட்டு, 'துளி அறை' என்று பலகை மாட்டி, அதற்குத் தனிக் கட்டணமும் வைத்தது.

குருவியின் அம்மாவும் படத்தைப் பார்த்தார். அவர் உருகவில்லை. ரோட்டைத் தாண்டி வந்தார், பிள்ளையின் பையை எடுத்தார், கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பெஞ்சில் குருவியின் இடம் காலி. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்க் கடையில் அவள் தலை குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அதைப் பார்த்த கையோடு பெரிய டீச்சர் உட்கார்ந்து எழுதினார்: 'எமது பள்ளியில் ஒழுகல் முற்றிலும் நின்றுவிட்டது.' பொய்தான். ஆனால் மூக்கை மட்டும் மனதில் வைத்து எழுதிய பொய். கூரையைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கூரைக்கு ஆள் வரும் என்று பார்த்தால், சேதி வந்தது. மூன்று வருஷமாக ஓயாமல் ஒழுகி, பழுப்பு நிறத்துக்கே போய்விட்ட ஒரு பள்ளி, துறையின் கைக்குட்டை பட்டதும் அடியோடு நின்றுவிட்டதாம். இப்படி ஒரு வெற்றியை இயக்கம் கண்டதே இல்லையாம். ஆகவே நாட்டின் முதல் 'ஒழுகாப் பள்ளி'யாக அறிவித்து, கேடயம் வழங்க இயக்குநரே நேரில் வருகிறாராம்.

பெரிய டீச்சர் முதலில் தலையில் கை வைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார். விழாவை மூன்றாம் வகுப்பிலேயே வைத்தார். இயக்குநரின் நாற்காலியைத் தம் கையாலேயே தூக்கிப்போய் ஓட்டைக்கு நேர் கீழே போட்டார். தையல் கடைக்குப் போய், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாங்க, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்று கெஞ்சினார். பெற்றோர் எல்லாரும் வந்தார்கள். மழையும் வந்தது.

இயக்குநர் எழுந்தார். தலை பளபளவென்று, ஒரு முடிகூட இல்லாமல், துளிக்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது.

"ஒரு துளிகூட…" டொக். "ஒரு துளிகூட ஒழுகாத…" டொக்.

நலப் பிரிவுக்காரர் சத்தம் வெளியே தெரியாமலிருக்க ஒவ்வொரு டொக்குக்கும் கைதட்டினார். அவர் தட்டுவதைப் பார்த்துப் பெற்றோரும் தட்டினார்கள். மழை வலுக்க வலுக்கக் கைதட்டலும் வலுத்தது. கடைசியில் இயக்குநருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னம்மா இது?"

மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் பெரிய டீச்சர் காத்திருந்தார். "ஒழுகுது சார்."

இயக்குநர் பதறி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கா?"

நலப் பிரிவுக்காரர் கைக்குட்டையை நீட்டினார். இயக்குநர் தம் முகத்தாலேயே தம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்போ?"

"இன்னும் ஒழுகுது சார்."

இன்னொரு தடவை துடைத்தார். அம்மாவின் மடியிலிருந்து குருவி விரலை மேலே நீட்டினாள். "மூக்கு இல்ல சார். கூரை."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த துளி கண்ணிலேயே விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அப்படின்னா இது ஒழுகுற பள்ளி. கேடயத்தை ஜீப்புல ஏத்திடலாமா?"

எல்லாரும் கேடயத்தைப் பார்த்தார்கள். கதவகலத் தகடு. தங்கப் பூச்சு. நடுவில் சூரியன். அப்படி ஒன்று அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை.

"சாரல் சார், காத்துல அடிக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா ஆமா, சாரல்தான்."

பெரிய டீச்சர் குருவியின் அம்மாவைப் பார்த்தார். அவரோ கண்கொட்டாமல் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் போனதும் அவர் எழுந்து வந்தார். கழுத்து நாடாவை எடுத்துக் கேடயத்தின் அகலத்தை அளந்தார், நீளத்தை அளந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையை அளந்தார்.

"டீச்சரம்மா, அளவு கனகச்சிதமா இருக்கு."

ஏணி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. காவலாளி கேடயத்தோடு கூரைமேல் ஏறினார். சூரியன் உள்பக்கம் தெரியும்படி வைத்து ஆணி அடித்தார். அத்தோடு சொட்டு நின்றது. துறை அனுப்பியதில் பிள்ளைகளை நனையாமல் காத்தது அது ஒன்றுதான். மறுநாளே குருவி வந்துவிட்டாள். நெஞ்சில் சத்தம் குறைந்தது. அண்ணாந்து பார்த்தால் தங்கச் சூரியன். அதன் கீழே குருவி நிற்கிற படத்தை அவள் அம்மா கடையில் மாட்டி, பெயர்ப் பலகையில் 'ஒழுகாப் பள்ளி எதிரில்' என்று எழுதிக்கொண்டார். பக்கத்துத் தெருப் பிள்ளைகளெல்லாம் இங்கே சேர முண்டினார்கள். பெரிய டீச்சரே தம் வாயால் 'எங்க ஒழுகாப் பள்ளியில' என்று சொல்லப் பழகிவிட்டார்.

குளிர் முடிவதற்கு முன்னால், யாரும் எதிர்பாராத ஒரு காரியம் நடந்தது. மூக்கு நின்றுவிட்டதால் கூரையின் முறை என்று கட்டடப் பிரிவு வந்தது. லாரி நிறையப் புதுத் தகரம், ஆட்கள், ஆணி. மேற்பார்வையாளர் கூரையைச் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்தமும் துரு. எல்லாத்தையும் மாத்தணும். முதல்ல அந்தத் தகட்டைக் கழட்டிடறோம்."

"தகடா? அது கேடயம்யா!" என்று காவலாளி ஏணிக்குக் குறுக்கே நின்றார்.

பெற்றோர் கூடிவிட்டார்கள். கூரையை மாற்றினால் ஒழுகியது என்று ஆகும். ஒழுகியது என்று ஆனால் கேடயம் போகும். இயக்குநர் அன்றைக்குக் கேட்டது யாருக்கும் மறக்கவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை போதும்மா," என்றார் மேற்பார்வையாளர். "ஒழுகுதுன்னு சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள புதுக் கூரை. இல்லேன்னா அடுத்த ஊருக்குப் போறோம்."

பெரிய டீச்சர் வாயைத் திறந்தார். எத்தனை பேரிடம், எத்தனை விதமாகச் சொன்ன வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது.

"என்ன டீச்சரம்மா யோசனை?" என்றார் குருவியின் அம்மா. "நம்ம பள்ளிக்கு ஒரு பேர் இருக்கில்ல?"

"ஒழுகல," என்றார் பெரிய டீச்சர்.

லாரி தெருமுனை திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. எல்லாரும் மூன்றாம் வகுப்புக்குள் ஒதுங்கினார்கள். கேடயத்துக்கு ஒரு சாண் தள்ளி, டொக். பெரியவர்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, பெஞ்சைத் தள்ளிப் போட்டார்கள். குருவி பக்கெட்டை எடுத்து வந்து வைத்தாள், வைத்துவிட்டுத் தும்மினாள்.

"உஷ்!" என்றார் அவள் அம்மா. "ஒழுகாப் பள்ளியில இருந்துக்கிட்டுத் தும்மலாமா?"

எல்லாரும் அந்தப் பிள்ளையை ஒரு முறை முறைத்தார்கள். அவள் பையிலிருந்து துறை கொடுத்த கைக்குட்டையை எடுத்து விரித்துத் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் மூலையிலிருந்து இயக்குநர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த துளி சரியாக அவர் மூக்கில் விழுந்தது.