ராபி வீட்டில் நான் அணைத்த விளக்குகள்

ஒரு சங்கத்தை அழிக்க யாப்பு என்ற ஒரு விதிப்புத்தகமும் ஒரு தலைவரும் போதும். எங்கள் கிளென் வேவர்லி தமிழ் மூத்தோர் சங்கத்தில் இரண்டும் இருந்தன. யாப்பை எழுதியவனும் நான், தலைவரும் நான். (வேறு யாரும் போட்டியிடவில்லை.) ஆள் போதாமல் கூட்டத்தை ஒத்திவைப்பதே எங்கள் முக்கிய பணி.

பக்கத்து வீட்டுக்கு ஒரு யூத மதகுரு, ராபி, குடிவந்தார். இங்கே சிதறிக் கிடக்கும் யூதக் குடும்பங்களை ஒரு சமூகமாகச் சேர்க்க வந்தவர். எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"கூட்டம் எல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பாடு, அவ்வளவுதான். முதல் விருந்து இந்த வாரம். பிடிக்காவிட்டால் ஒருத்தரும் திரும்பி வர மாட்டார்கள். நீங்களும் வாங்க."

மனைவி மனோவுடன் போனேன். ஓய்வுபெறும்வரை தீப்பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். கை கழுவப் போனால், ஆளில்லாத நடையில் விளக்கு, குளியலறையில் விளக்கு, குசினியில் சூப்புப் பானைக்குக் கீழே கவனிப்பாரற்ற மின்னடுப்பு! அத்தனையையும் அணைத்துவிட்டு, பல உயிர்களைக் காத்த பெருமிதத்தோடு மேசைக்குத் திரும்பினேன்.

சூப் ஆறிப்போய் வந்தது. ராபியின் மனைவி அவர் காதில் ஏதோ சொன்னார். ராபி என்னைப் பார்த்தார்.

"நடை இருட்டாக இருக்கிறதே, உங்களுக்குக் கஷ்டமில்லையா?"

"சேச்சே! எனக்காகச் சிரமப்படாதீர்கள்."

"உங்கள் மனைவி தடுக்கி விழுந்துவிடுவாரோ?"

"அவ பூனை மாதிரி." (மேசைக்குக் கீழே ஓர் உதை விழுந்தது.)

"உங்களுக்குக் குளியலறைக்குப் போக வேண்டியிருக்காதா?" அவர் குரல் ஏறக்குறையக் கெஞ்சியது.

"இல்லவே இல்லை," என்றேன். (அப்பட்டமான பொய். காலை இறுக்கிக்கொண்டிருந்தேன்.)

சற்று நேரத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து இருட்டு நடைக்குள் போய், ஒரு கதிரையோடு சேர்ந்து விழுந்தார். விருந்து சீக்கிரமே முடிந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டு வாசலில் நின்ற ராபியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனோ வேலியடியில் விசாரித்துவிட்டு வந்தாள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை யூதர்களுக்கு ஓய்வுநாள்; அவர்கள் விளக்கையோ அடுப்பையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. பிறரிடம் போடச் சொல்லவும் கூடாது. ஆனால் வேற்று மதத்தவர் தம் தேவைக்காகப் போட்டால், அந்த வெளிச்சத்தில் அவர்களும் நடக்கலாம்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் லைற்றைப் போடுங்கோ எண்டு சொல்ல ஏலாமல் உங்களிட்டைச் சுத்திவளைச்சுக் கெஞ்சியிருக்கு. நீங்கள் உபசாரம் கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்!"

அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த வெள்ளி அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், விழுந்த இளைஞர் உட்பட. விளக்கணைத்த கிழவனின் கதையைக் கேட்க ஆளுக்கொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது அந்த வீட்டில் இருக்க இடமில்லை. புதியவர்களுக்கு ராபி வேலிக்கு மேலால் என்னைக் காட்டுகிறார்: "இவர்தான்!"

நானும் அவர் வழியைப் பின்பற்றினேன். யாப்பை மூடிவைத்தேன். சங்கத்தார் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விருந்துக்கு அழைத்தேன். எல்லோரும், "ஓம், கட்டாயம் வாறம்," என்றார்கள். (உபசாரம்.) வீடெங்கும் விளக்கைப் போட்டு, இடியப்பம் காயும்வரை காத்திருந்தேன்.

கடைசியில் மனோ எழுந்தாள்.

"ஒருத்தரும் இல்லை. இப்ப போய் ஆசைதீர லைற்றெல்லாத்தையும் அணைச்சுப்போட்டு வாங்கோ."

இன்றுவரை எங்கள் வீட்டில் படுக்கப் போகும்போது அவள் சொல்வது அதுதான்.